கழுத்தில் ஒரு ஜன்னல்

ஜேசுபாதம் தூங்கியது மூன்று விநாடிதான். நான்கு என்று, பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் வன்னியபெருமாள் பிற்பாடு சாட்சி சொன்னார். மூன்றோ நான்கோ, பகல் பதினொரு மணி வெயிலில், கப்பலின் மேல்தட்டில் நின்றபடியே, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி முஷ்டியும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனால் தூங்க முடியும் என்பதை, தூத்துக்குடியின் புதுத் துறைமுகம் திறந்து நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தது.

முஷ்டி பிடித்த கைக்கு 'நிறுத்து' என்று அர்த்தம். விரல் சுழன்றால் 'தூக்கு'. கை மெல்லக் கீழே வந்தால் 'இறக்கு'. ஹேட்ச் என்கிற பெரிய திறப்புக்குக் கீழே, கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த மூடை எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் வின்ச்காரர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது ஜேசுபாதத்தின் கை ஒன்றுதான். பழைய துறைமுகத்தில் பதினெட்டு வருஷம், புதியதில் நாலு வருஷம், அந்தக் கையைப் பார்த்துத்தான் உரமும் இரும்பும் ஆட்களின் தலைக்கு மேல் ஏறி இறங்கியிருந்தன.

அன்றைக்கு முப்பது உர மூடைகளைக் கட்டிய சிலிங் கயிறு ஆள் உயரத்துக்கு எழும்பிச் சற்று ஆடியது. ஆட்டம் அடங்கட்டும் என்று ஜேசுபாதம் முஷ்டி பிடித்தார். ஆட்டம் அடங்கியது, கூடவே அவரும் அடங்கிவிட்டார். கை இறங்கியது. பதறி விழவில்லை. நிதானமாக, மரியாதையாக, சிக்னல் பழகுகிறவர்களுக்குக் காட்டிக் கொடுக்கலாம் போல அவ்வளவு லட்சணமாக இறங்கியது. வன்னியபெருமாள் சிலிங்கை இறக்கினார்.

கீழே செல்வதுரை குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். யாரோ கத்தினார்கள். அவன் உருண்டான். முப்பது மூடையும் அவன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியின் மேல் உட்கார்ந்தன.

கத்தல் கேட்டு விழித்த ஜேசுபாதம் முதலில் செய்த காரியம், "யாருலே தூங்குதது?" என்று அதட்டியதுதான்.

இரும்பு ஏணி வழியாகச் செல்வதுரை ஏறி வந்தான். கையில் தூக்குச்சட்டி தட்டு மாதிரி இருந்தது. நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது எம் மண்டையா இருந்தா கொண்டாந்து காட்டக்கூட ஆளு இருந்திருக்காது, கேட்டியளா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஜேசுபாதம் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அவன் மெதுவாகச் சொன்னான். ஜேசுபாதம் அன்று மத்தியானமே ஃபோர்மனிடம் போய், "என்னை ஷெட்டுல போடுங்க சார். இந்தத் தூக்கம் தீருத வரைக்கும் ஹேட்ச் பக்கம் நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் நாசரேத்தில் அவருடைய குடும்பப் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அப்பா ஹெட்மாஸ்டர். மூத்த அண்ணன் காலேஜ் புரொபசர், அடுத்தவர் குருவானவர், தங்கை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். வரிசையின் ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் ஜேசுபாதம். இன்டர்மீடியட்டில் இரண்டு தடவை தோற்றபின், மிஷன் குடும்பத்தில் இப்படியும் ஒன்று இருக்கட்டும் என்று கர்த்தர் விட்டுவைத்த ஆள். உலகத்தில் அவருக்கு ஒழுங்காக வந்த காரியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கப்பல் மேல் கை காட்டுவது. மற்றது, கோவில் பாடகர் குழுவில் கீழ்க்கட்டையில் பாடுவது. பேஸ் குரல் என்று அங்கே இருந்தது அவருடையது மட்டும்தான். அவர் பாடும்போது பெஞ்சுப் பலகை அதிர்வதாகச் சொல்வார்கள். பிரசங்கத்தின்போதும் அதிர்ந்தது, ஆனால் அதைப் பாட்டில் சேர்க்க முடியாது.

தொண்டை டாக்டர் சம்பத்குமார் ஆழ்வார்திருநகரிக்காரர். பாளையங்கோட்டையில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜேசுபாதம் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனார். மீதியை மனைவி ஜெபகனி சொன்னாள்.

"குறட்டை மலையே இடியுத மாதிரி வரும் டாக்டர். அது பரவால்ல. திடீர்னு நின்னுரும். மூச்சு, குறட்டை, ஒண்ணும் இருக்காது. நான் ஸ்கேலால விலாவுல ஒரு குத்து குத்துவேன். அப்பறம் 'ஹக்'னு ஒரு சத்தம் போட்டு மறுபடியும் ஆரம்பிப்பாங்க. நாலு வருஷமா இதுதான்."

"ராத்திரிக்கு எத்தனை தரம் நிக்கறது?"

"எண்ணலையே."

"எண்ணிண்டு வாங்கோ."

ஜெபகனி மூன்றாம் வகுப்பு டீச்சர். எண்ணச் சொன்னால் எப்படி எண்ண வேண்டுமோ அப்படி எண்ணினாள். பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து, மூச்சு நின்ற போதெல்லாம் ஒரு ஆப்சென்ட் போட்டாள். ஒரே ராத்திரியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆப்சென்ட். பதிவேட்டைப் பார்த்த ஜேசுபாதம், "இவ்வளவு ஆப்சென்ட் போட்டா பையனை டிசி குடுத்து அனுப்பிருவியளே" என்றார். ஜெபகனி சிரிக்கவில்லை.

டாக்டர் பதிவேட்டை இரண்டு தரம் புரட்டினார்.

"ஓய், உமக்கு வந்திருக்கறது தூங்கற வியாதி இல்லை. தூங்காத வியாதி. படுத்ததும் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைச்சுடறது. மூச்சு நிக்கறது. செத்துப்போயிடப் போறீரேன்னு மூளை உம்மை எழுப்பி விடறது. இருநூத்துப் பன்னிரண்டு தரம். அப்புறம் பகல்ல நின்னுண்டே தூங்காம என்ன செய்வீர்? அமெரிக்காவுல இதுக்குப் பேரு வச்சே ரெண்டு வருஷம்தான் ஆறது."

"பேரு வைக்கதுக்கு முந்தியே எனக்கு வந்துட்டா? எங்க குடும்பத்துல நான் முந்திக்கிட்டது இது ஒண்ணுதான் டாக்டர்."

"மருந்து மாத்திரை கிடையாது. எடையைக் குறையும். மல்லாக்கப் படுக்காதேயும். மூணு மாசம் பார்ப்போம்."

"கேக்கலேன்னா?"

டாக்டர் தன் தொண்டைக்குழியில் ஒரு விரலை வைத்தார். "இங்கே ஒரு ஓட்டை. அதுல ஒரு குழாய். ராத்திரி திறந்து வச்சுக்கணும். மேலே அடைச்சாலும் காத்து இந்த வழியாப் போயிடும். பகல்ல மூடியைப் போட்டுட்டா பேசலாம்."

"பாடலாமா?"

"பேசலாம்" என்றார் டாக்டர் மறுபடியும்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜேசுபாதம் தூங்கவில்லை.

எடைக் குறைப்பு ஷெட்டில் ஊரறிய நடந்தது. மூடை நிறுக்கிற தராசில் திங்கட்கிழமைதோறும் ஏறி நிற்பார். தொண்ணூற்றெட்டுக் கிலோவில் ஆரம்பம். ஷெட்டில் இருந்தவர்கள் கூடி நின்று எடையைச் சத்தமாக வாசித்தார்கள். "சாக்கைக் கழிச்சிச் சொல்லுங்கலே" என்பார் ஒருவர். வீட்டில் ஜெபகனி சோற்றை அளந்து வைத்தாள். சாயங்காலம் பேக்கரி வாசலைத் தாண்டும்போது ஜேசுபாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மக்ரூன் வாசனை மூக்கில் ஏறினால் அரைக் கிலோ கூடிவிடும் என்று அவருக்கு ஒரு பயம். மூச்சை நிறுத்துவதில் அனுபவம் இருந்ததால் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

மல்லாக்கப் படுப்பதைத் தடுக்க, ஜெபகனி பனியனின் முதுகில் பை தைத்து அதற்குள் ஒரு ரப்பர் பந்தை வைத்தாள். புரண்டால் குத்தும், குத்தினால் திரும்பிப் படுப்பார் என்று கணக்கு. முதல் வாரம் குத்தியது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் பந்து வெடித்தது. வெடித்த சத்தத்தில் ஜெபகனி எழுந்தாள், பக்கத்து வீட்டில் எழுந்தார்கள், மில்லர்புரத்து நாய்கள் எழுந்தன. ஜேசுபாதம் எழவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது தராசு எண்பத்தேழு காட்டியது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. பதிவேடு நூற்று எழுபது காட்டியது.

"பதினோரு கிலோவை உசிரைக் குடுத்து இறக்கியிருக்கேன். நாப்பத்திரண்டுதான் குறைஞ்சிருக்கு" என்றார் ஜேசுபாதம். "இந்தக் கணக்குப்படி பார்த்தா, எல்லாம் சரியாவுத அன்னிக்கு நான் நாப்பது கிலோ இருப்பேன். பெட்டி சின்னதா செஞ்சா போதும்."

"வாயக் கழுவுங்க" என்றாள் ஜெபகனி.

மீதி இருந்தது ஓட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் அதை எடைபோட்டார்கள். ஓட்டை போட்டால் அன்று ராத்திரியே மூச்சு நிற்காது என்று டாக்டர் கையடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சளி வடியும். குழாயைத் தினம் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். தூசியில் நிற்கக் கூடாது. புண் வரலாம். காய்ச்சல் வரலாம்.

"கடல்ல குளிக்கக் கூடாதாம்" என்றார் ஜேசுபாதம்.

"நீங்க கடல்ல குளிச்சு எத்தனை வருசமாச்சு?"

"கலியாணத்துக்கு முந்தி."

"பெறகென்ன?"

"இல்ல, இப்ப கூடாதுன்னு சொன்ன பெறவு குளிக்கணும் போல இருக்கு."

ஜெபகனி சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிந்ததும் அவர் மேஜைத் துணியின் நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "குரலு போயிட்டுன்னா கனி?"

"பேசலாம்னுதான் சொன்னாரு."

"பேச்சுல எங்கிட்ட என்ன இருக்கு? பேசி ஒரு பரீட்சைகூட தேறலை. பாட்டுலதான் நாலு பேரு திரும்பிப் பாக்காவ."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வாரம் கிளாசுல நான் தூங்கிட்டேன். நாற்காலியிலயே. முழிச்சுப் பாத்தா பிள்ளைய எல்லாம் செருப்பைக் கழத்திக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. டீச்சர் முழிச்சிரக் கூடாதுன்னு."

ஜேசுபாதத்துக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. நாலு வருஷமாக விலாவில் குத்து வாங்குவது தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு ஆள் விழித்திருந்தாக வேண்டும் என்பது இன்டர்மீடியட் தேறாத மூளைக்கு இப்போதுதான் ஏறியது.

அப்படியும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அதற்குச் செல்வதுரை வர வேண்டியிருந்தது.

அவன் ஷெட் வாசலில் வந்து நின்றான். புதுத் தூக்குச்சட்டி வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, எப்ப வாரிய?"

"எங்கலே?"

"ஹேட்சுக்கு. உங்க இடத்துல ஒருத்தன் நிக்கான். தூங்கமாட்டான், நல்லவன்தான். ஆனா கை காட்டுனா கொசு வெரட்டுத மாதிரி இருக்கு. தூக்குங்கானா எறக்குங்கானா ஒண்ணும் வெளங்கல. வன்னியபெருமாள் அண்ணாச்சி வின்ச்சுல உக்காந்து செபம் பண்ணுதாரு. அவரு சுடலைமாட கோயில் வரி குடுக்கவரு, பாத்துக்கிடுங்க."

"உம் மண்டையச் சப்பட்டையாக்கப் பாத்தவன்லா நான்?"

"அது நீங்க தூங்கையில. முழிச்சிருந்தா உங்க கைக்குக் கீழ நான் கண்ணை மூடிட்டுப் போவேன். முழிச்சிருக்க வழி உண்டா இல்லியா, அதைச் சொல்லுங்க."

வழி உண்டு என்று ஜேசுபாதத்தால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. அது தன் தொண்டைக்குழியில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. குரலா கையா என்று அன்று முழுக்க மனசுக்குள் ஒரு தராசு ஆடியது. பேஸ் இல்லாவிட்டால் பாடகர் குழு கொஞ்சம் மெலிந்து கேட்கும். கை சரியில்லாவிட்டால் கீழே ஒருத்தன் சாவான். இதற்கு மேல் எடைபோட எதுவும் இல்லை என்று தெரிந்தபின்னும், அன்று சாயங்காலம் கோவில் ஒத்திகையில் எல்லாப் பாட்டையும் இரண்டு தரம் பாட வைத்தார். காரணம் சொல்லவில்லை. கட்டக் கடைசி ஆமேனை அவர் விட்டபோது மற்றவர்கள் புத்தகத்தை மூடி வெகு நேரம் ஆகியிருந்தது.

ஆபரேஷன் பாளையங்கோட்டையில் நடந்தது. மறுநாள் காலையில் கண் விழித்தபோது ஜேசுபாதத்துக்கு ஏதோ தவறு நடந்துவிட்டதாகத் தோன்றியது. தலை கனக்கவில்லை. கண் எரியவில்லை. சுவரில் ஒரு பல்லி, அதன் கால் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. செத்துப்போனால்தான் இப்படி இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் பரலோகத்தில் பல்லி இருக்கும் என்று வேதபாடத்தில் யாரும் சொன்னதில்லை. அதையும் அவர் முழுதாகப் படித்தவர் இல்லை.

கட்டிலுக்குக் கீழே பாயில் ஜெபகனி தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதரை. நர்ஸ் எழுப்பப் போனாள். ஜேசுபாதம் கையைக் கூப்பித் தடுத்தார். பேச்சு வராது, மூடி போட ஒரு வாரம் ஆகும். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'நாலு வருஷ பாக்கி. விட்டுவிடு.'

சாதகம் அது. இனி பாதகம். டாக்டர் சொன்னதெல்லாம் வந்தது. சளி வந்தது, இருமல் வந்தது, ஒரு தடவை புண் வந்து பத்து நாள் படுத்தியது. குழாய் அசல் வெள்ளி. "கலியாணமாயி இருவது வருசத்துல எனக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கித் தந்ததில்ல, தனக்குக் கழுத்துல போட்டுக்கிட்டாக" என்று ஜெபகனி பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். அந்தக் குழாயைப் பால் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்ததற்காக ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமலும் இருந்தாள்.

குரல் திரும்பியது. ஆனால் போன குரலின் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. சாயல் உண்டு, சொத்து இல்லை. மூடி போட்டுக்கொண்டு பாடகர் குழுவில் நின்று பார்த்தார். இரண்டாவது சரணத்தில் கீழே இறங்க வேண்டிய இடத்தில் பழைய ஞாபகத்தில் மூச்சைத் தம் பிடித்து விட்டார். மூடி தெறித்தது. ஆல்ட்டோ பாடுகிற அம்மாள் ஒருவரின் பாட்டுப் புத்தகத்தில் போய் விழுந்தது. ஜேசுபாதத்தின் கழுத்து அந்தச் சரணத்தை விசிலடித்து முடித்தது. வெளியே வந்து எல்லோருக்கும் முன்னால் அவர்தான் அதிகம் சிரித்தார். வீட்டுக்கு வந்து பாட்டுப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதற்கு முன்னால் உறை பிரிந்த இடத்தைப் பசை வைத்து ஒட்டினார். ஜெபகனி அதைப் பார்த்தாள்.

ஹேட்சுக்குத் திரும்ப டாக்டர் அனுமதி கொடுத்தார். உரம், நிலக்கரி, சிமெண்ட் என்று தூசி பறக்கிற சரக்கு எதுவும் கூடாது, தடிமரம் ஏற்றி வரும் கப்பலில் மட்டும் நிற்கலாம். அப்படி ஒரு கப்பல் வர ஒரு மாதம் ஆயிற்று.

கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி ஜேசுபாதம் மேல்தட்டில் ஏறி நின்றார். கீழே இறங்க வேண்டிய ஆட்கள் இறங்கவில்லை. ஏணிப் பக்கம் கூட்டமாக நின்று ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் குற்றம் சொல்ல நினைக்கவில்லை. தன்னிடம் யாராவது கேட்டிருந்தால் தானும் இறங்கமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

செல்வதுரை மட்டும் முன்னால் வந்தான்.

"தொறந்து காட்டுங்க அண்ணாச்சி."

"என்னத்தலே?"

"அந்த ஓட்டையைத்தான். எதை நம்பிக் கீழ போறோம்னு பாக்கண்டாமா?"

ஜேசுபாதம் துணியை விலக்கி மூடியைக் கழற்றினார். செல்வதுரை குனிந்து கிணறு எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு உள்ளங்கையைக் குழாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். சூடாக, ஒரே சீராக, ஜேசுபாதத்தின் மூச்சு அந்தக் கைமேல் வந்து போனது.

"ராத்திரியும் இப்படித்தானா?"

ஜேசுபாதம் தலையாட்டினார்.

"காத்து நல்லா வருதுலே" என்று செல்வதுரை பின்னால் திரும்பிச் சொன்னான். "வாங்க." அவன் ஏணியில் இறங்கினான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள்.

வன்னியபெருமாள் வின்ச்சைக் கிளப்பினார். ஜேசுபாதம் விரலைச் சுழற்றினார். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு பருத்த தடி மெல்ல எழும்பி ஆடியது. முஷ்டி பிடித்தார். கழற்றிய மூடி இடது கையில் இருந்தது, போட நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த எந்த மனிதனுக்கும் வருகிற மாதிரி அவருக்கு ஒரு கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி.

கீழேயிருந்து ஐந்து பேர் ஒரே குரலில் அலறினார்கள். இரண்டு பேர் ஏணியில் பாதி ஏறிவிட்டார்கள். வன்னியபெருமாள் வின்ச்சின் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுடலைமாடனைக் கூப்பிட்டார்.

'ஏலே, அது சும்மா கொட்டாவிதான்!' என்று ஜேசுபாதம் கத்தினார். மூடி கையில் இருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது. முஷ்டி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

"சரி, இறங்குங்கலே" என்றது செல்வதுரையின் குரல், தடிக்கு அடியிலிருந்து. "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. டூட்டியில இனிமே கொட்டாவி கிடையாது."

ஜேசுபாதம் தலையாட்டினார். இந்த ஒரு பாதகத்தை டாக்டர் சொல்லாமல் விட்டுவிட்டார்.